எல்டர்மியரில் கடைசி ஆள்

ஓர் ஊரிலே ஓர் ஆறாம், ஆற்றுக்கு ஒரு கல்பாலமாம், பாலத்தடியில் கூட்டத்துக்கு முன்னால் நின்று கதை சொல்கிறவன் ஒருத்தனாம், கூட்டத்துக்கெல்லாம் பின்னால் கடைசியாக நடந்து வருகிறவள் ஒருத்தியாம். ஊரின் பெயர் எல்டர்மியர். லண்டனிலிருந்து மேற்கே ரயிலில் வந்து, இறங்கி, பஸ் மாறி, ஆடுகளையும் வேலிகளையும் பார்த்துக்கொண்டே வந்தால் வருகிற சின்ன ஊர். ஒரு தேவாலயம், ஒரு மதுச்சாலை, ஒரு பேக்கரி, எப்போதோ செத்துப்போன ஒரு பெண்கவி, அவ்வளவுதான் அதன் சொத்து. கதை சொல்கிறவன் கேதீஸ்வரன். கடைசியாக வருகிறவள் அவன் பெண்சாதி சுகிர்தா. இன்றைக்குப் பின்னேரம் வரைக்கும் பெண்சாதி என்று வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அவளுடைய உடுப்புகளும் தையல் மெஷினும் மிளகாய்த்தூள் போத்தலும் போன கிழமையே லண்டன் ஹரோவில் இருக்கிற தமையன் வீட்டுக்குப் போய்விட்டன. மிச்சம் அவள் மட்டும்தான், அவளை ஏற்றிப்போக, அவன் ஆட்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டுகிற ஞாயிற்று நடை முடிகிற நேரத்துக்குத் தமையனின் கார் பாலத்தின் அந்தப் பக்கம் வந்து நிற்கும். அதற்குள் கேட்டுவிட வேண்டும். போகாதையும் என்று. ஒரே சொல். நேற்றிரவு முழுக்க அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டு உருட்டிப் பார்த்தான், காலையில் பல் தீட்டும்போதும் பார்த்தான், சரியாகத்தான் வந்தது, ஆனால் அவள் குசினிக்குள் வந்து, சங்கத்துச் செயலாளர் பென்ஃபோல்ட் அம்மா போன் எடுத்தவா, கடைசி ஆளுக்கு வேற ஒருத்தரும் இல்லையாம், இண்டைக்கு மட்டும் வாறன் எண்டு சொல்லிட்டன் என்று சொன்னபோது அவன் வாயிலிருந்து வந்தது, மழைக்கோட்டை எடும், தூறும்போல கிடக்கு என்பதுதான்.

இந்தப் பாலத்தின் நடுக்கல்லில் உட்கார்ந்துதான் ஹெஸ்டர் ஃபெல்கேட் எழுதினாள் என்று ஊர் சொல்லும், நாங்களும் நம்புவோம், நம்பினால் ஒருத்தருக்கும் நட்டமில்லை, என்று அவன் வாய் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தது. ஆட்கள் சிரித்தார்கள். வழக்கமாகச் சிரிக்கிற இடம். வாய்க்கு வழி தெரியும், பொழுதுபட்டால் மாடு தானாகப் பட்டிக்கு வருகிற மாதிரி அது போகும், அவன் கயிறு பிடிக்கத் தேவையில்லை. அதனால்தான் இந்த நடையை அவன் விரும்பினான் போல, வாயை முன்னால் விட்டுவிட்டு மனத்தோடு பின்னால் வரலாம். மருந்துக்கடையில் வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு மழை ஞாயிற்றுக்கிழமை, போவதற்கு வேறு இடமில்லாமல், ஊர் வரலாற்றுச் சங்கத்தின் நடையில் சும்மா சேர்ந்துகொண்டான். பிறகு தேவாலயத்துக் கல்லெழுத்துகளைத் தடவித் தடவி வாசித்தான், ஹெஸ்டரின் கவிதைகளைப் பாடமாக்கினான், நடத்திக்கொண்டிருந்த கிழவருக்கு முழங்கால் போனபோது இவனையே முன்னால் நிறுத்திவிட்டார்கள். எங்கள் தேவாலயம் எங்கே இருக்கிறதென்று எங்களுக்குக் காட்டவா ஆறாயிரம் மைல் தாண்டி வந்தாய் என்று கேட்ட ரொஜர்தான், பழைய தபால்காரர், இப்போது ஒரு நடையும் விடாமல் வருகிறவர். இன்றைக்கும் வந்திருக்கிறார், கனடாவிலிருந்து வந்த தமக்கையையும் கூட்டிக்கொண்டு. தமக்கைக்குத் தொப்பியில் ஒரு மரத்தாரா, வாத்துப் பொம்மை. அதைப் பார்த்துக்கொண்டே பேசினால் சுகிர்தாவைப் பார்க்காமல் இருக்கலாம், ஆனால் பார்க்காமல் இருக்க முடியாது, அதுதான் இந்த வேலையின் சட்டம். ஒவ்வோர் இடத்திலும் கடைசி ஆள் வந்து சேர்ந்து, எல்லாரும் வந்தாச்சு, ஒருத்தரும் பின்னுக்கு நிற்கவில்லை என்று கையைத் தூக்கிக் காட்டும்வரை முன்னால் நிற்கிறவன் வாய் திறக்கக்கூடாது. கல்யாணமாகி அவள் வந்த வருடம் அவன்தான் சொல்லிக்கொடுத்தான். ஒரு கிழவியையும் விட்டிட்டு வரக்கூடாது, செருப்பு அறுந்தவையையும் விட்டிட்டு வரக்கூடாது, நீர் கையைத் தூக்கினாத்தான் நான் வாயைத் திறப்பன். அவள் சிரித்தாள். வீட்டிலையும் இந்தச் சட்டத்தைக் கொண்டு வாங்கோவன், கொஞ்சம் நிம்மதியா இருக்கும் என்றாள். அன்றிலிருந்து எத்தனை ஞாயிறு, பனியில், வெய்யிலில், தலைகளுக்கு மேலால் அந்தக் கை. முதல் வருடத்தில் மருதாணி மங்கிய கை. பிறகு கம்பளிக் கையுறை போட்ட கை. போன மாசியில், ஒரு கை வயிற்றில் இருக்க, மற்றக் கை.

ஆலையடிக்கு வந்தார்கள். மாவரைக்கிற ஆலை, இப்போது ஆட்கள் குடியிருக்கிற வீடுகள், சக்கரத்தை மட்டும் கழுவி எண்ணெய் போட்டு அழகுக்கு வைத்திருக்கிறார்கள். தண்ணீர் விழுகிற சத்தம். பாசி மணம், யாரோ வறுத்த இறைச்சியின் மணம், ஈரக் கம்பளியின் மணம், பென்ஃபோல்ட் அம்மா எல்லாருக்கும் நீட்டிய பிளம்ஸ் கேக்கின் மணம். அவ சுகிர்தாவுக்கு இரண்டு துண்டு கொடுத்தா. மெலிந்துவிட்டாய் பெண்ணே என்றா. அவவுக்கு ஒன்றும் தெரியாது, பிள்ளை தங்கவில்லை என்பது தெரியும், அதற்கு மேல் தெரியாது, இந்த ஊரில் அதற்கு மேல் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள், மரியாதையான ஊர். கை உயர்ந்தது. அவன் சக்கரத்தைப் பற்றிச் சொன்னான். இந்த இடம். சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற இடம். வயிற்றில் பிள்ளை இருந்தபோது ஒருநாள், நடை முடிந்து எல்லாரும் போன பிறகு அவள் திரும்பி வந்து இந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, பெட்டைப் பிள்ளை எண்டால் பூரணி என்றாள். பழைய பேரப்பா என்றான். பழைய பேர்தான், உங்களுக்குப் பழசு எல்லாம் பிடிக்கும்தானே என்றாள். சரி என்றான். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது, அவன் சரி என்றான், அவ்வளவுதான், அந்தச் சரிக்குப் பிறகு அந்தப் பேரை அவன் வாயால் சொன்னதே இல்லை, சொல்ல ஏன் தேவை, பிறந்த பிறகு ஆயுள் முழுக்கச் சொல்லத்தானே போகிறோம் என்று இருந்தான். சக்கரத்தின் விட்டம் எவ்வளவு என்று யாரோ கேட்டார்கள். வாய் பதில் சொன்னது.

குருவானவர் வீட்டடியில் நின்றபோது தூறல் பிடித்தது. ஹெஸ்டரின் கணவன் ஃபெல்கேட் பாதிரியார் இருந்த வீடு, இப்போது பல்வைத்தியர் வைத்திருக்கிறார். கவிதை எழுதப் பயந்தவர்களும் பல் பிடுங்கப் பயந்தவர்களும் இதே படியில்தான் நின்றிருக்கிறார்கள் என்பான் அவன். சிரிப்பார்கள். சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால், கூட்டத்தின் கடைசியில், கடைசி ஆளுக்குச் சங்கம் கொடுத்த மஞ்சள் மேற்சட்டை போட்ட ஓர் உருவம் சிரிக்காமல் நிற்பது அவனுக்குத் தெரிந்தது, அவள் இந்தப் பகிடியை எத்தனை தரம்தான் கேட்பாள், சிரிக்காததில் என்ன இருக்கிறது, ஆனால் முன்பெல்லாம் அவன் சொல்லப்போகிற பகிடியை அவள் அங்கே நின்று உதடசைத்துச் சொல்லிக்காட்டுவாள், ஒரு வரி முந்தியே, அவனைக் குழப்புவதற்கு. இனித் தேவாலயம். தேவாலயத்துத் தெற்குப் பக்கம் ஹெஸ்டரின் பெரிய கல்லறை, தூண், பூவேலை, எல்லாம். பிறகு வடக்குப் பக்கம். வடக்குப் பக்கம் மதிலுக்கு அப்பால் ஒரு பேக்கரிப் பாண் துண்டளவு கல். அதில் ஓர் எழுத்தும் இல்லை. அதுதான் இந்த நடையின் உயிர். எல்லாரும் அதற்காகத்தான் வருகிறார்கள், ரொஜரின் தமக்கை கனடாவிலிருந்து வந்ததும் அதற்காகத்தான்.

ஹெஸ்டருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது, ஞானஸ்நானம் கொடுக்க முந்தியே மூச்சு நின்றது, ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு மந்திரம் சொல்ல முடியாது, மதிலுக்கு உள்ளே இடம் கொடுக்க முடியாது, பேர் எழுத முடியாது என்று சொன்னவர் அந்தப் பிள்ளையின் தகப்பன், பாதிரியார். சட்டம் அப்படி. அவர் சட்டத்தை மீறவில்லை. அடுத்த ஞாயிறு அவர் பிரசங்கம் செய்தபோது ஹெஸ்டர் கடைசி வரிசை வாங்கில் இருந்தாள். அதன்பிறகு சாகும்வரை ஒரு வரியும் எழுதவில்லை. இதைக் கேதீஸ்வரன் சொல்கிற விதம் ஒன்று உண்டு. முதலில் கல்லைக் காட்டமாட்டான். புல்லைப் பார்த்துக்கொண்டு பேசுவான், குரலை இறக்குவான், தகப்பன் என்ற சொல்லுக்கு முன்னால் நிறுத்துவான், மரத்தில் காகம் கத்தினால் அது கத்தி முடியவும் பொறுப்பான், பிறகுதான் சப்பாத்து நுனியால் புல்லை விலக்குவான். அழாத ஆள் இல்லை. ரொஜர் ஒவ்வொரு தரமும் மூக்கைச் சீறுவார். பிள்ளை போன அன்றைக்கு ஆசுபத்திரியிலும் ஜன்னலுக்கு வெளியே காகம் இருந்தது. இல்லை, காகம் இல்லை, கடற்புறா, கடல் எங்கேயோ இருக்க அது ஏன் அங்கே வந்தது. தாதி ஒரு சின்ன அட்டையை வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு என்ன பேர் என்று மெதுவாகக் கேட்டாள். சுகிர்தா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவன்தான் சொன்னான். எங்களிடம் முப்பத்தோராம் நாள் பிள்ளைப் பிறப்புத் துடக்குக் கழித்துத்தான் பேர் வைப்பது, இப்படிப் போனால் பேர் வைக்கிற வழக்கம் இல்லை, வேண்டாம், என்று வடிவான இங்கிலீஷில், மரியாதையாக, நன்றியும் சொன்னான். தாதி அட்டையை மடித்தாள். சுகிர்தாவைப் பாரத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தான், பேர் இருந்தால் ஆள் ஆகிவிடும், ஆள் ஆகிவிட்டால் எப்படித் தூக்கிக்கொண்டு நடப்பது, சின்ன வயதில் ஊரிலே பெரியாக்கள் அப்படித்தானே செய்தார்கள், ஒருத்தரும் அதைப் பற்றிக் கதைக்கமாட்டார்கள், கதைக்காமல் விட்டால் ஆறும். பெரிய றோட்டுக்கு அப்பால் புதிய மயானத்தில் ஒரு சின்னப் பலகை, பெண் குழந்தை என்று மட்டும். நடை அந்தப் பக்கம் போவதில்லை. அவனும் போவதில்லை. அவள் பஸ்ஸில் போய் வருவாள், வந்து கையைக் கழுவுவாள், நகத்துக்குள் மண் இருக்கும்.

அதற்குப் பிறகு வந்த முதல் நடையை அவன் விடவில்லை. வேலை இருந்தால் மனம் நிற்கும் என்று நினைத்தான், அவளையும் வரச் சொன்னான், காற்றுப் பட்டால் நல்லது. வடக்குப் பக்கத்துக்கு வந்தார்கள். அவள் கையைத் தூக்கினாள். அவன் சொன்னான். ஒரு சொல்லும் தடுக்கவில்லை, நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினான், உண்மையில் அன்றைக்கு வந்த மாதிரி அந்தக் கதை ஒருநாளும் வந்ததில்லை, ஒரு பெண் வந்து அவன் கையைப் பிடித்தாள், கடந்துவிட்டேன், பார், கடந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே அவன் தலைகளுக்கு மேலால் பார்த்தபோது சுகிர்தா மதிலில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். இரவு சாப்பிடும்போது சொன்னாள். அந்தப் பிள்ளைக்குப் பேர் இல்லை எண்டதை எவ்வளவு வடிவாச் சொல்லுறீங்கள். அவன், இதை நினைக்காமல் இருக்க எத்தனை இரவு முயன்றிருக்கிறான், அவன் அதைப் பாராட்டு என்று நினைத்தான். ஒரு நொடிதான். சோற்றை வாயில் வைத்துக்கொண்டு ஒரு நொடி, உண்மையாவோ என்று கேட்பதற்கு நிமிர்ந்தான். அவள் அந்த முகத்தைப் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு சண்டை இல்லை, சத்தம் இல்லை, அவள் வீட்டுக்குள்ளும் கடைசி ஆளாக நடக்கத் தொடங்கினாள், அவன் இருந்த அறையை விட்டு அவன் போன பிறகு வந்தாள், அவன் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டாள், பிறகு ஒருநாள் அண்ணையோட போய் இருக்கப்போறன் என்றாள்.

ஆகவே இன்றைக்கு அவன் ஒரு முடிவு வைத்திருந்தான். இரவு முழுக்க உருட்டிய சொல்லுக்குத் துணையாக ஒரு செயல். தெற்குக் கல்லறையில் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்து, வடக்குப் பக்கம் திரும்பாமல், நேரே புல்வெளிக் கதவை நோக்கி நடந்தான். சப்பாத்துக்கள் அவன் பின்னால் சரளைக்கல்லில் தயங்குவது கேட்டது. ரொஜர் வேகமாக வந்து முழங்கையைத் தொட்டார். அந்தச் சின்னது எங்கே, கேதீஸ், இவளை விமானம் ஏற்றி இறக்கியதே அதற்காகத்தானே, என்றார். அங்கே புல் ஈரம், பாசி, போன முறை ஒருவர் வழுக்கிவிட்டார் என்று கேதீஸ்வரன் சொன்னான். ஒருவரும் வழுக்கவில்லை. ரொஜர் அவனைப் பார்த்தார், பிறகு தமக்கையைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். நெஞ்சுக்குள் ஏதோ இலேசானது அவனுக்கு. அவள் பார்த்திருப்பாள். விளங்கியிருக்கும். உமக்காகத்தான் விட்டன், இனி எண்டைக்கும் சொல்லமாட்டன், போகாதையும். இப்போது சொற்கள் வரிசையாக வந்தன, ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு. புல்வெளிக் கதவு அரைவட்டக் கூட்டுக்குள் ஆடுகிற மரக்கதவு, ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழைந்து சுற்றி வெளியேறலாம், இந்த ஊரில் அதற்கு முத்தக் கதவு என்று பேர், முன்னால் போனவர் பின்னால் வருகிறவரிடம் ஒரு முத்தம் வாங்காமல் கதவை விடத் தேவையில்லை என்பது வழக்கம். ஒவ்வொருவராக வந்தார்கள். ரொஜர் தமக்கையிடம் கேட்டார், தமக்கை அவர் தலையில் தட்டினாள். எல்லாரும் புல்வெளியில் நின்றார்கள். அவன் திரும்பிக் கையைத் தேடினான். கை இல்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் ஊசிமரங்கள், கல்லறைக் கற்கள், தூறல். மஞ்சள் நிறம் எங்கேயும் இல்லை. கை உயராமல் வாய் திறக்கக்கூடாது. ஆட்கள் குடைகளை விரித்தார்கள். யாரோ இருமினார்கள். போய்விட்டாளா, கார் வந்துவிட்டதா, சொல்லாமலா, சொல்லாமல் போகமாட்டாள், அவள் அப்படிப்பட்டவள் இல்லை, அப்படிப்பட்டவள் யார் என்று எனக்கு என்ன தெரியும், ஹெஸ்டர் எந்தக் கையால் எழுதினாள் என்று தெரியும், எந்த வாங்கில் இருந்தாள் என்று தெரியும், இவள் பஸ்ஸில் போகும்போது எந்தப் பக்கம் இருப்பாள் என்று தெரியாது. நாய் ஒன்று சங்கிலியை இழுத்தது. பாசி உண்மையாகவே இருந்தால். வழுக்கி விழுந்திருந்தால். அவன் ஒரு காலை எடுத்து வைத்தான், முன்னால் நிற்கிறவன் கூட்டத்தை விட்டுவிட்டுப் போகக்கூடாது, அதுவும் சட்டம், காலைத் திருப்பி வைத்தான். பிறகு தேவாலயத்தின் வடக்கு மூலையைச் சுற்றிக்கொண்டு அவள் வந்தாள். அவசரப்படவில்லை. முழங்கால் இரண்டும் நனைந்து கறுத்திருந்தன, புல் விதைகள் ஒட்டியிருந்தன. கதவுக்குள் நுழைந்து, சுற்றி, வெளியே வந்து, கையைத் தூக்காமல், ஆட்களுக்கு நடுவால் நேரே அவனுக்கு முன்னால் வந்து நின்றாள். கடைசி ஆள் முன்னுக்கு வந்ததை அந்தச் சங்கத்தில் ஒருத்தரும் கண்டதில்லை.

“ஒரு ஆளை விட்டிட்டு வந்திட்டீங்கள்” என்றாள் தமிழில்.

அவன் குரல் தாழ்த்தி, “உமக்காகத்தான் விட்டனான், சுகி” என்றான்.

“தெரியும்.” அவள் கண்கள் வறண்டிருந்தன. “இவ்வளவு நாளும் எங்கட பிள்ளைக்குப் பேர் இல்லாட்டியும் இந்தச் சனத்துக்கு முன்னால ஒரு கல்லெண்டாலும் இருந்தது. நீங்கள் சொல்லேக்க எனக்கு வயிறு பத்தி எரியும். எண்டாலும் கேட்டுக்கொண்டு நிண்டன். ஆருக்குச் சொல்லுறீங்கள் எண்டு உங்களுக்கே ஒருநாள் விளங்கும் எண்டு நிண்டன். இண்டைக்கு அதையும் தாண்டிப் போறீங்கள்.”

பென்ஃபோல்ட் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, முகம் தெரியும். அவ பதறிப்போய்த் தலைகளை எண்ணத் தொடங்கினா, உதடு அசைந்தது, விரல் ஆடியது. யாரையாவது விட்டுவிட்டோமா, யாரும் பின்னால் நிற்கிறார்களா, என்று கேதீஸ்வரனிடம் கேட்டா. ரொஜர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு திரும்பிப் போகத் தயாரானார். இருந்த குடைகளெல்லாம் அவன் பக்கம் திரும்பின. சுகிர்தாவும் அவனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். கேள்வி சின்னதுதான். ஆம் என்று சொல்லலாம். ஆம், ஒரு ஆள், பெண் குழந்தை, பேர் இன்னது, வாருங்கள் திரும்பிப் போவோம் என்று சொல்லலாம், சொல்லத் தெரியும், சொல்லுகிற விதம் அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வாய்க்கு வழி தெரியும், அது தானாகப் போகிற மாடு, அது நூறு நடையில் சொன்னதையே சொன்னது. “இல்லை, இல்லை. ஒருவரும் இல்லை. எல்லாரும் வந்தாச்சு” என்று சிரித்துக்கொண்டு சொன்னது. பென்ஃபோல்ட் அம்மா நெஞ்சில் கை வைத்து ஆறுதல்பட்டா. சுகிர்தா அவன் வாயைப் பார்த்தாள், கொஞ்ச நேரம், பிறந்த பிள்ளையின் வாயைப் பார்க்கிற மாதிரி அவ்வளவு கவனமாக. பிறகு திரும்பி, ஆட்களுக்கு நடுவால் போய், தன் இடத்தில், எல்லாருக்கும் பின்னால் நின்று, கையைத் தூக்கினாள்.

புல்வெளியை எப்படித் தாண்டினான், ஹெஸ்டர் கடைசியாகப் பார்த்த சூரியனைப் பற்றி என்ன சொன்னான், அவனுக்குத் தெரியாது. சூரியன் இல்லை, சூரியனைப் பற்றிச் சொல்லியிருப்பான். ஆறு திரும்பவும் வந்தது, பாலம் வந்தது, கை தட்டினார்கள். ஒவ்வொருவராகப் போனார்கள். நாய் போனது. தமக்கை அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, அடுத்த தரம் புல் காய்ந்திருக்கும்போது வருகிறேன் என்றாள், தொப்பியில் மரத்தாரா ஆடியது. ரொஜர் போகும்போது அவனைத் தாண்டிச் சுகிர்தாவிடம் போய்த் தொப்பியைக் கழற்றி ஏதோ சொன்னார், அவள் தலையசைத்தாள். பென்ஃபோல்ட் அம்மா மிச்சக் கேக்கை அவள் கையில் திணித்துவிட்டு, அடுத்த ஞாயிறு பார்ப்போம் என்று போனா. பாலத்தின் அந்தப் பக்கம் சாம்பல் நிறக் கார், பக்கத்தில் தமையன், கையைக் கட்டிக்கொண்டு. அவள் மஞ்சள் மேற்சட்டையைக் கழற்றி, மடித்து, பாலத்துச் சுவரில் வைத்தாள். கேக்கை அதன் மேல் வைத்தாள்.

“நீங்கள் போங்கோ” என்றாள். “கடைசியாப் போறது நான்தானே.”

அவன் போகவில்லை. தண்ணீர் கல்லில் முட்டிப் பிரிந்து பாலத்தின் கீழால் போய் மறுபக்கம் ஒன்றாகிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றான், போகாதையும் என்ற சொல் எங்கேயும் இல்லை, உருட்டி உருட்டிக் கரைந்துவிட்டது போல. அது இருந்த இடத்தில் வேறொன்று இருந்தது. ஆலைச் சக்கரத்தடியில் சரி என்று சொல்லி உள்ளே வைத்தது. அதற்கு வழி தெரியாது, அது ஒருநாளும் வெளியே வந்து பழகாதது.

“பூரணி” என்றான்.

யாரையோ கூப்பிடுகிற மாதிரி வந்துவிட்டது. அவள் உடம்பு நின்றது. தூறல் விட்டிருந்தது. அவள் கண்ணை மூடினாள், திறந்தாள், கேட்டுவிட்டேன் என்கிற மாதிரித் தலையைக் கொஞ்சம் அசைத்தாள்.

“அங்கை போய்ச் சொல்லுங்கோ” என்றாள். “பெரிய றோட்டைத் தாண்டினா இடக்கைப் பக்கம். பலகை சின்னன், குனிஞ்சு பாக்கவேணும்.”

அதில் கோபம் இருந்ததா என்று அவன் தேடினான். வழி கேட்டவனுக்கு வழி சொன்ன குரல் அது. அவள் பாலத்தில் ஏறினாள், நடுக்கல்லைத் தாண்டினாள், ஹெஸ்டர் இருந்த கல், இருந்தாளோ இல்லையோ, அதைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்காமல் கையைத் தூக்கினாள். தமையனுக்குக் காட்டினாளா, இவனுக்கா, வேறு யாருக்குமா என்று தெரியவில்லை. பின்னால் ஒருத்தரும் இல்லை என்றால் அந்தக் கை உயரும், எல்லாரும் வந்து சேர்ந்தால் உயரும், முன்னால் நிற்கிறவன் இனிப் பேசலாம். கை இறங்கியது. அவள் நடந்துகொண்டே இருந்தாள்.